கொம்பு ஊதவில்லை

ஓடுகிறேன். மருந்துப் பெட்டி இடுப்பில் இடிக்கிறது. மேலே மலை உறுமுகிறது. தேயிலைச் செடிகள் நிரை நிரையாக, நின்ற வாக்கிலேயே நகர்ந்து வருகின்றன. "பக்கத்தால ஓடு! கீழ ஓடாத!" கங்காணியின் குரல். என் வலப்புறம் ஒரு கல் துள்ளிப் போகிறது. ஆட்டுக்குட்டி அளவு. அடுத்தது வண்டிச் சக்கர அளவு. வெளியே நிற்பவர்கள் விலகி ஓடுகிறார்கள். நான் மழைத்தண்ணீர் ஓடும் கானை நோக்கி ஓடுகிறேன். கானுக்குள் அம்மா படுத்திருக்கிறாள்.

ஐப்பசி மாதம். வியாழக்கிழமை. சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தில் பத்து மணி இருபத்திரண்டு நிமிடம்.

இதை வரிசையாக எழுதுகிறேன். கண்டியில் இரண்டு வருடம் மருந்து கலக்கவும் பிரசவம் பார்க்கவும் படித்தேன். பெயர், வயது, வந்த நேரம், கண்டது. கண்டதை மட்டும் எழுத வேண்டும். எதையும் விடக் கூடாது. அப்படித்தான் பழக்கினார்கள்.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கும் பதுளைக்கும் நடுவில் இருக்கிறது. எதிரே நமுனுகுல மலை. ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து மூன்றாம் வருடம், எங்கள் மலைக்கு மேலே ரயில் பாதைக்குப் பாறை உடைக்கத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. கொம்பு மூன்று தடவை. பிறகு சிவப்புக் கொடி. பிறகு ஐந்து நிமிடம். அதற்குப் பிறகுதான் வெடி.

அண்ணன் ராயப்பன் அந்த ஐந்து நிமிடமும் நடுங்குவான்.

அவன் காரைக்காலில் பிறந்தவன். அப்பாவின் ஊர் நாகூருக்குத் தெற்கே, இங்கிலீஷ்காரன் மண். அம்மாவின் ஊர் சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் மண். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அம்மா ஏழாம் மாதம் வண்டியில் ஏறிச் சாவடியைக் கடந்தாள். அண்ணன் பிறந்தான். மாமா போய்ப் பதிந்துவிட்டு வந்தார். ஏழு வருடம் கழித்து, அவர்கள் இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு, நான் இங்கே லயத்து வீட்டில் பிறந்தேன். அதனால் நான் இங்கிலீஷ் ராஜாவின் பிரஜை. அண்ணன் பிரெஞ்சுப் பிரஜை.

அந்தச் சாவடி ஏன் அங்கே இருக்கிறது என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன். வெள்ளைக்காரர் இரண்டு பேர் நம் கடற்கரைக்காகப் பீரங்கி வைத்து அடித்துக்கொண்டார்கள் என்றாள். ஊர்கள் எரிந்தன. சனங்கள் பானை சட்டியோடு வயலில் ஓடினார்கள். கடைசியில் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அம்மாவின் பாட்டனுக்கும் முந்திய காலத்தில் நடந்தது. அதைப் பழங்கதை என்று நினைத்திருந்தேன்.

சண்டை வந்தது. பழைய எதிரிகள் இப்போது கூட்டாளிகள். மாமாவின் கடிதம் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் ராயப்பன் பெயர் இருக்கிறது, வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும். அண்ணன் தோட்டத்து ஃபேக்டரியில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தான். துரையிடம் போய் நின்றான். துரை அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நீ நம்ம ஆள் இல்லே. நம்ம சிநேகிதன் ஆள். போ."

போனான். இரண்டு வருடம் எட்டு மாதம் கழித்து வந்தான். கொண்டுவந்தவை: நீல நிறக் கோட்டு ஒன்று. எண் வெட்டிய தகடு ஒன்று. இருமல். இடது காதில் ஓயாத இரைச்சல்.

இயந்திரச் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். அங்கே கான் இருந்தது. மழைத் தண்ணீர் ஓடுவதற்காக மலையைச் சுற்றி வெட்டிய, இடுப்பளவுக் கால்வாய். அவன் கண்ணுக்கு அது சண்டையில் குண்டுக்குப் பதுங்கிக் கிடந்த குழியாகத் தெரிந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அதற்குள் குதிப்பான். "படுங்க! எல்லாரும் உள்ள படுங்க!" என்று கத்துவான். யாராவது வெளியே நின்றால் அழுவான். அதனால் அம்மா முதலில் படுத்தாள். பிறகு மற்றப் பெண்களும் படுத்தார்கள். அவனை அமைதிப்படுத்த அதுதான் வழி.

முனியம்மாளுக்கு அது விளையாட்டு. கூடையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நீட்டிப் படுப்பாள். "ராயப்பு, இன்னைக்கு எந்தத் தேசத்துக்காரன்டா சுடுறான்? சாயங்காலம் வரைக்கும் சுடச் சொல்லு. எனக்கு இடுப்பு வலிக்குது." கங்காணிகூடச் சிரித்துவிடுவார். அண்ணனும் சில நாள் சிரித்தான். நான் அதை மருந்து என்றே நினைத்தேன். தடுக்கவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமைக்கு முன் ஒன்பது நாள் விடாத மழை. நான் காமாட்சியைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். ஆறு மாதம். கால் வீக்கம். வேலையை நிறுத்தச் சொன்னேன். "இந்த நிரையை முடிச்சிட்டு வர்றேன் நர்சம்மா" என்றாள்.

கொம்பு ஊதவில்லை. காற்று என் பக்கம் அடித்தது. மற்ற நாட்களில் மூன்று கொம்பும் கேட்கும். கொடியும் இல்லை. பத்து மணி இருபது நிமிடத்துக்கு முதல் வெடி. பெரிய சத்தமில்லை. கதவை அறைந்த மாதிரி. அண்ணன் கத்தினான். "படுங்க! கானுக்குள்ள படுங்க!" நிரையில் பதினான்கு பெண்கள். ஒன்பது பேர் குதித்தார்கள். ஐந்து பேர் கங்காணி கைகாட்டிய பக்கம் ஓடினார்கள். இரண்டாவது வெடி பெரியது. காது அடைத்தது. அதற்குப் பிறகு சத்தம் மேலிருந்து வரவில்லை. காலுக்கு அடியில் இருந்து வந்தது.

மண்ணும் கல்லும் சரிந்து வந்தன. வந்தவை கானை நிரப்பின.

ஓடிய ஐந்து பேருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

அண்ணன் படுத்திருந்த முனைக்குச் சரிவு வரவில்லை. அவன் கையால் தோண்டினான். நகம் பெயர்ந்த பிறகும் தோண்டினான். ஆறு பேரை உயிரோடு எடுத்தோம். அம்மாவை அவன்தான் எடுத்தான். பதினொன்று ஐந்து. நாடி இல்லை. அவன் என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "அங்க, சண்டை நடந்த இடத்துல, மண்ணு தட்டையா இருந்துச்சு தங்கச்சி."

எட்டாம் நாள் பதுளையில் விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர். மொழிபெயர்க்க ஒருவர். கானுக்குள் படுக்கச் சொன்னது யார் என்று என்னிடம் கேட்டார்கள்.

"என் அண்ணன்."

அதிகாரி எழுதினார்.

"கொம்பு ஊதலைங்க. கொடியும் காட்டலை. அதையும் எழுதச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "அதை அவர் கேக்கலையேம்மா. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

மூன்று தடவை சொன்னேன். மொழிபெயர்க்கவில்லை. நான் சொன்ன பதில் உண்மை. அது உண்மையில் பாதி. அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அண்ணனிடம் எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வேறு கேள்வி இல்லை. புத்தி பேதலித்த அந்நியப் பிரஜை, மூன்று சாவுக்குக் காரணம், தீவை விட்டு அனுப்ப வேண்டும் என்று தாளில் எழுதினார்கள். பாறை உடைத்தவர்களைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. மறுவாரம் மறுபடி கொம்பு ஊதினார்கள். மூன்று தடவை. தவறாமல்.

பண்டாரவளையில் ரயில் ஏற்றினார்கள். கையில் விலங்கு. அந்த நீலக் கோட்டைப் போட்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

மாமா பிறகு எழுதினார். காரைக்காலிலும் அவனை ஏற்கவில்லை. பட்டாளத்திலிருந்து விலக்கியாகிவிட்டது, குடியிருப்பு இங்கிலீஷ்காரன் தேசம், ஆஸ்பத்திரியில் இடம் கிடையாது என்றார்களாம். மாமா வீட்டில் தங்கமாட்டேன் என்றான். சாவடிக்குப் பக்கத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். நாள்தோறும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாசியில் ஒரு காலை சோற்றோடு போனபோது ஆள் இல்லை. கோட்டு மட்டும் மடித்து வைத்திருந்தது.

இழந்தவை.

ஆரோக்கியம், என் அம்மா. ஐம்பத்திரண்டு வயது.

முனியம்மாள். நாற்பதுக்கு மேல். சரியான வயது அவளுக்கே தெரியாது. கூடை தலைக்கடியிலேயே இருந்தது.

காமாட்சி. பத்தொன்பது. வயிற்றில் ஆறு மாதம். விசாரணைத் தாளில் அவளை ஒன்று என்று எழுதினார்கள். நான் இரண்டு என்று எழுதுகிறேன்.

தேயிலை நிரை பன்னிரண்டு. கூடை ஒன்பது.

கொம்பு, ஒரு தடவையும் இல்லை.

ராயப்பன். முப்பத்தொன்று. பிறந்த இடம் காரைக்கால். இறந்த இடம் தெரியாது. இறந்தானா என்பதும் தெரியாது. இரண்டு ராஜாங்கத்தின் ஏட்டிலும் அவன் இல்லை. இந்த ஏட்டில் அவன் ஐந்தாவது.