ஐம்பத்தஞ்சு டிகிரி போர்டு

கோஷத்தை ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க தோழர்களே. ஒரு குட்டிக் கதை சொல்றேன்... கேட்டுட்டு அப்புறம் கத்தலாம்.

நம்மளை மாதிரியே ஒரு பனியன் துணிப் பட்டறை. அங்க மயிலாத்தான்னு ஒரு அக்கா. மிஷின்ல நொதி ஊத்துற வேலை. நொதின்னா என்ன? என்சைம்னு சொல்றாங்களே, அதான். பருத்திச் செடிக்குள்ள சர்க்கரையைக் கோத்துக் கோத்து நாராக் கட்டுனது ஒரு நொதி. துணி மேல நிக்கிற பிசிறை வெட்டி, மறுபடி சர்க்கரையா உடைக்கிறது இன்னொரு நொதி. கட்ட ஒராளு, உடைக்க ஒராளு! ஆனா சூடு எல்லை மீறுனா... செத்துரும். அதனால 'ஐம்பத்தஞ்சு டிகிரிக்கு மேல் ஏத்தக்கூடாது'ன்னு மிஷின் மேலயே போர்டு.

சித்திரை மாசம். உள்ள காத்தாடி நின்னு மூணு மாசம் ஆச்சு. மூணு பேர் வெக்கை தாங்காம மயங்கி விழுந்தாச்சு. அக்கா போய்க் கேட்டா மேனேஜர் என்ன சொன்னாரு? "ஏம்மா, ஏசி போட்டு உக்கார வெக்கட்டுமா?" எப்படி இருக்குது பாருங்க!

ஒருநாள் சரக்கு அவசரம். மேனேஜர் ஓடி வந்தாரு. "நீராவியை இன்னும் திற! சீக்கிரம் முடியும்!"

"வேண்டாங்க சார், நொதி செத்துரும்."

"எனக்கே பாடமா? தள்ளு!"

அவரே திறந்தாரு. எண்பது டிகிரி... துணி வெளிய வந்துச்சு. பிசிறு போட்டது போட்டபடி! முதலாளி வந்து நின்னதும் மேனேஜர் பேச்சு மாறிப்போச்சு. "இவதாங்க கெடுத்தா! ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியல? நாளைக்கு வேலைக்கு வராதே!"

அக்கா அழுதாங்களா? கால்ல விழுந்தாங்களா? இல்லீங்க. அந்த போர்டைக் கழட்டி முதலாளி கையில குடுத்தாங்க.

"திறந்தது இவருங்க, பட்டறையே பார்த்துச்சு. அது கிடக்கட்டும். காலையில நான் தின்ன சோத்தை உடைக்கிறதும் நொதிதான், அதை ரத்தமாக் கட்டுறதும் நொதிதானுங்க. டப்பாவுல வர்ற நொதிக்கு போர்டு இருக்குது. எனக்குள்ள இருக்கிற நொதிக்கு எங்கீங்க போர்டு?"

அவ்வளவுதான்... ஆளாளுக்கு சுவிட்சை அமத்த, மிஷின் ஒண்ணொண்ணா நின்னுச்சு. காத்தாடி சுத்துன பிறகுதான் மறுபடி ஓடுச்சு. மயிலாத்தா அக்கா கையாலதான் ஓடுச்சு!

இதுக்கு என்ன அர்த்தம் தோழர்களே? நாம தயவு கேக்கல. டப்பாவுக்குக் குடுத்த மரியாதையை மனுஷனுக்குக் குடுன்னு கேக்கறோம். நமக்கும் ஒரு அளவு உண்டு. அதை எழுதி மாட்டட்டும். மாட்டுற வரைக்கும் இந்த கேட்டைத் தாண்டி உள்ள போவோமா?

கேக்கல... அவங்க ஆபீஸ் ரூம் வரைக்கும் கேக்கணும். போவோமா?