தம்பியக் கொழும்புல விட்டுட்டு

இல்லீங்க, ஆளு வராது, ஒக்காருங்க. பைய நான் மடியில வச்சுக்கறேன். டீச்சர்தானே நீங்க? சாரி கட்டியிருக்கிறதப் பாத்தாலே தெரியுது. கண்டக்டர்கிட்ட கேட்டேன், மொறச்சுட்டுப் போறாரு, நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர். கித்துல்கலயில எறங்குனா திரும்ப கொழும்புக்கு பஸ் இருக்குங்களா? இல்ல, சும்மா கேட்டேன்.

நான் நோர்வூட்டுங்க. டவுன் இல்ல, மேல தேயிலத் தோட்டம். கொழுந்து எடுக்கிற ஆளு. தம்பியக் கூட்டிக்கிட்டு ஊரு ஊரா சுத்துறேன். கதிர்காமம் போனோம், முன்னேஸ்வரம் போனோம், மடு மாதாகிட்டயும் போய் அழுதுட்டு வந்தோம். கடைசியா கொழும்பு. இன்னைக்கோட எல்லாம் முடிஞ்சுருச்சு. அவன ஆஸ்பத்திரில சேத்துட்டு நான் மட்டும் ஊருக்குப் போறேன். ஆமாங்க, பெரிய ஆஸ்பத்திரிதான். நல்லாப் பாப்பாங்கதானே? பசின்னா சோறு குடுப்பாங்கதானே?

ஜீவராஜ்னு பேரு. நாப்பது வயசாகப் போகுது, புத்தி மட்டும் சின்னப் புள்ளையோட நின்னுபோச்சு. அப்பா அம்மா இல்ல, நான்தான். மொதல்ல புள்ளக் காம்பராவுல விட்டுட்டுத்தான் மலைக்குப் போவேன், அதான், வேலைக்குப் போறவங்க கைக்கொழந்தைய விட்டுட்டுப் போற எடம். மீச மொளச்சும் அங்கனயே தொட்டில ஆட்டிக்கிட்டுக் கெடந்தான். அப்புறம் ஆயம்மா வேணாம்னுட்டாங்க. மலைக்குக் கூட்டிட்டுப் போனா கங்காணி ஏசுறாரு. வேற என்ன செய்ய, வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனேன். வேலைய விட்டுட்டுப் பாத்துக்கலாம்தான், ஆனா தோட்டம் குடுத்த எங்க வீட்டுக் காம்பராவுல வேலைக்குப் பேர் பதிஞ்ச ஆளு நான் ஒருத்திதான். நான் வேலைய விட்டு நின்னா இருக்கிற கூரையும் போயிரும்.

பூட்டினதுதான் வெனையாப் போச்சு. அக்கா நனஞ்சு வருமேன்னு தேத்தண்ணி போட அடுப்பப் பத்த வச்சிருக்கான். இருந்த வெறகெல்லாம் அள்ளிப் போட்டுட்டான் பாவி. லயமாச்சே, வரிசையா இருக்கிற எல்லாக் காம்பராவுக்கும் ஒரே கூரை, தீ பரவிருச்சு. பக்கத்துக் காம்பரா கிருஷாந்தியோட புள்ளைக்குக் கை வெந்துபோச்சு, டீச்சர். இப்பத்தான் பால்குடி மறந்த புள்ள. லயத்துச் சனம் கோயில் முன்னால கூட்டம் போட்டுச் சொல்லிருச்சு, இனி அவன் இங்க கால் வைக்கக் கூடாதுன்னு. அவங்க மேல நான் என்ன குத்தம் சொல்ல? அந்தக் கையப் பாத்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். அதான் கெளம்புனேன், சாமியோ டாக்டரோ யாராச்சும் ஒரு வழி காட்ட மாட்டாங்களான்னு.

இன்னைக்குக் காலையில கடலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கடல் பாத்ததே இல்ல அவன். அலை வந்தா ஓடுறான், போனா பின்னாலயே தொரத்துறான். கைய நக்கிப் பாத்துட்டு, இவ்ளோ தண்ணிக்கும் யாருக்கா உப்புப் போட்டதுன்னு கேக்குறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ அழுதுட்டேன். என் கண்ணத் தொடச்சுவிட்டு, வீட்டுக்குப் போவோம்க்கான்னான்.

வார்டுங்களா? எத்தனையாவது வார்டுன்னா... ஒங்க சித்தி அங்கதான் இருக்காங்களா. போய்ப் பாப்பீங்களா அவன?

ஐயோ டீச்சர். இப்படிக் கேக்குற ஆளுகிட்ட பொய் சொல்ல வாய் வர மாட்டேங்குது. வார்டெல்லாம் இல்லீங்க. டாக்டரம்மா நேத்தே சொல்லிட்டாங்க, இது நோய் இல்ல, பொறவியிலயே இப்படித்தான், மருந்து இல்ல, வச்சுக்க எடமும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. எந்த வீட்டுக்கு? இப்படிப்பட்டவங்கள வச்சுப் பாக்குற ஹோமுக்கும் போய்க் கேட்டேன். இவ்ளோ பெரிய ஆம்பளைய எடுக்க மாட்டாங்களாம்.

ஒரு கோயில்ல மத்தியானம் அன்னதானம் பார்சல் கட்டிக் குடுத்தாங்க. நல்ல கூட்டம். சாமி கும்பிட வர்ற சனம், நம்ம பாஷ பேசுற சனம், கண்ணு முன்னால ஒருத்தனப் பட்டினி போட மாட்டாங்கன்னு நெனச்சேன். அவன் சட்டப் பையில எப்பவும் எங்க வெலாசம் எழுதி வச்சிருப்பேன். அத எடுத்துட்டேன். எந்த ஊருடான்னு கேட்டா அக்கா வீடுன்னு மட்டும்தான் சொல்லத் தெரியும் அவனுக்கு. வரிசையில நிப்பாட்டி, அக்காவுக்கும் சேத்து வாங்கிக்கிட்டு இந்தத் தூண்கிட்ட இருடான்னேன். தலையாட்டுனான். நான் பஸ் ஏறிட்டேன்.

ஏசுங்க டீச்சர். என்ன வேணும்னாலும் சொல்லி ஏசுங்க.

கித்துல்கல வந்துருச்சு, கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் எறங்கி அவன்கிட்டயே திரும்பிப் போறேன். எங்க கூட்டிட்டுப் போவேன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. வயித்துப் பாட்டுக்குக் கஷ்டம் இல்லன்னு நெனச்சுத்தான் அங்க விட்டேன். அவிசாவள தாண்டுனப்புறந்தான் ஒறச்சுச்சு. நான் பக்கத்துல ஒக்காந்து மொத வாய் எடுத்து வச்சாத்தான் அவன் சோத்துல கை வைப்பான், சின்னதுலருந்தே அப்படித்தான். ரெண்டு பார்சலையும் மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான். யாரு சொன்னாலும் பிரிக்க மாட்டான்.