ஏணியில் கட்டிய பச்சைத் துணி

வார இறுதி வாடகைக்கு வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் நீச்சல் குளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. முதலில் கட்ட வேண்டியது கழிவுத் தொட்டி. வருகிற விருந்தாளி குளத்தில் இறங்காமல்கூடத் திரும்பிப் போவான், கக்கூஸுக்குப் போகாமல் போக மாட்டான். நஜஃப்கட் தாண்டி, கடுகு வயல்களுக்கு நடுவில் எங்கள் ஐந்து குடில்களையும் நீங்களே வந்து பார்த்தீர்கள். டெல்லிக்காரர்கள் சனிக்கிழமை வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பழைய தொட்டி தாங்கவில்லை. அதனால்தான் புல்தரைக்கு அடியில், மூன்று அறை வைத்து, பெரிதாக ஒன்று கட்டினோம்.

நீங்கள் தமிழில் கேட்டதால் தமிழிலேயே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்களாமே. நல்ல பள்ளிக்கூடம். அங்கே படித்தவர்களுக்குச் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வரும்.

கிளமெண்ட் எப்படி இறந்தான் என்பதுதானே உங்கள் கேள்வி. புதுத் தொட்டி, ஒரு சொட்டுக் கழிவுகூட விழவில்லை, நாற்றமும் இல்லை, அதில் இறங்கி ஒரு மனிதன் எப்படிச் சாவான் என்று உங்கள் ஆட்களுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை. கான்கிரீட் போடும்போது உள்ளே முட்டுக் கொடுத்து நிறுத்தும் சென்ட்ரிங் பலகைகள் அப்படியே இருக்கும். மூடியைப் போட்டு மூடி, மழைத் தண்ணீரும் கொஞ்சம் இறங்கிவிட்டால், அந்த ஈரப் பலகை அழுகி உள்ளே இருக்கிற பிராணவாயுவையெல்லாம் தின்றுவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். இறங்கினால் இரண்டு மூச்சு, மூன்றாவதில் கால் மடங்கிவிடும். இதை நான் அரசாங்க எரிவாயு ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கிளமெண்ட் அதே ஆலையில் ஃபோர்மேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பு தின்பான்.

வகுப்பை நான் எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பேன். முதல் ஆளைக் கொல்வது காற்று, இரண்டாவது ஆளைக் கொல்வது அவனுடைய நல்ல மனசு. விழுந்தவனைத் தூக்கப் போகிறேன் என்று வெறும் மூச்சோடு எவனும் இறங்கக் கூடாது. அதுதான் விதி. நான் எழுதிய விதி.

ஒருநாள் ஆலையில் காலித் தொட்டி ஒன்றில் ஒரு வெல்டர் விழுந்துவிட்டான். நான் தொட்டியின் வாய்க்கருகில் நின்று எல்லோரையும் தடுத்தேன். முகமூடி வரட்டும் என்றேன். சரியாகத்தான் செய்தேன். கிளமெண்ட் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு என் கைக்கு அடியில் குனிந்து இறங்கிவிட்டான். வெல்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு மாலை, கைக்கடிகாரம், புகைப்படம். எனக்கு ஒன்றும் இல்லை. அன்று இரவு சாப்பாட்டில் என் மனைவி கோமளாகூட, "கிளமெண்ட் அண்ணன் இல்லேன்னா அந்தப் பிள்ளை போயிருக்கும்" என்றாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

எனக்கு அவன் மேல் பகை என்று எழுதிவிடாதீர்கள். ஓய்வுக்குப் பிறகு நிலம் என்னுடையது, உழைப்பு அவனுடையது என்று பேசி, இந்தக் குடில்களைச் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். அவன் மனைவி ரெபேக்கா நர்ஸ். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தக் கதையைத் தவிர.

ஒவ்வொரு சனிக்கிழமையும் விருந்தாளிகளுக்காக விறகு மூட்டி நெருப்பைச் சுற்றி உட்கார வைப்போம். கிளமெண்ட் அந்த வெல்டர் கதையைச் சொல்வான். இந்தியில் சொல்வான், நடித்துக் காட்டுவான். "நம்ம சேகர் சார் ரூல் புக்கைத் தேடிக்கிட்டு இருந்தாரு, நான் அதுக்குள்ள இறங்கி ஏறிட்டேன்" என்று முடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு பெண், "அங்கிள், ஆப் டர் கயே தே க்யா?" என்று என்னையே கேட்டாள். பயந்துவிட்டீர்களா என்று. நானும் சிரித்தேன். போனவர்கள் எல்லோரும் இணையத்தில் கிளமெண்ட் அங்கிளைப் பற்றித்தான் எழுதினார்கள். சனிக்கிழமை தோறும், மேடம். அவன் செய்தது தப்பு, பிழைத்தது குருட்டு அதிர்ஷ்டம். அதை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அது நியாயமான ஆசைதான்.

பலகை பிரிக்கும் வேலையை நான்தான் தள்ளிப் போட்டேன். மழை நிற்கட்டும் என்றேன். இரண்டு மூடியையும் இறுக்கி மூடி, மேலே தார்ப்பாயும் போட்டு வைத்தேன்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியை முந்தின நாளே திறந்து ஆறவிட்டு, உள்ளே காற்றைச் சோதித்துவிட்டு, பொறுப்பாளர் தன் கையால் ஏணியில் பச்சைத் துணி கட்டுவார். துணி இருந்தால் இறங்கலாம். ஏன், எப்போது என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் இடத்துக்கும் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் கிளமெண்ட்தான். விதியைக் கேலி செய்வானே தவிர, மற்றவர்கள் விஷயத்தில் கண்டிப்பு. கட்ட வேண்டியவர் சேகர் சார்தான், அவர் கைதான் கை என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தான்.

அன்று காலையில் நான் முதலில் போய் மூடிகளைத் திறந்தேன். ஏணியை இறக்கினேன். பீரோவில் மடித்து வைத்திருந்த பச்சைத் துணியை எடுத்துக் கட்டினேன். பிறகு கலியனும் அவன் மனைவி செங்கம்மாளும் வந்தார்கள். விழுப்புரம் பக்கத்து ஆட்கள், டெல்லியில் கட்டட வேலை. கலியன் பலகை பிரிப்பான், அவள் வாங்கி அடுக்குவாள். கிளமெண்ட் பின்னாலேயே டீ கெட்டிலோடு வந்தான்.

"துணி கட்டியாச்சுல்லா சார்?" என்றான்.

"நேத்து சாயங்காலமே திறந்து, காத்தைப் பாத்து, துணியும் கட்டிட்டேன்" என்றேன்.

"அப்ப இறங்குப்பா" என்று கலியனிடம் சொன்னான்.

கலியனைப் பற்றி அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். ஒன்றும் நினைக்கவில்லை. முதலில் ஒருவன் விழுந்தால்தான் இரண்டாவது ஆள் இறங்குவான். அந்த இடத்தில் யாராவது ஒருவர் தேவைப்பட்டது.

கலியன் கடைசிப் படியில் கால் வைத்ததும் உட்கார்ந்தான். செங்கம்மாள், "என்னாய்யா, இன்னா பண்ற" என்று எட்டிப் பார்த்தாள். அவன் சாய்ந்துவிட்டான்.

கிளமெண்ட் கெட்டிலைக் கீழே போட்டான். "காத்து ஊதுற மெஷின் எங்க சார்?"

"கரோல் பாக்ல வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். அது என் கார் டிக்கியில் இருந்தது. கயிறும் இடுப்புப் பட்டையும் முகமூடியும் அங்கேதான் இருந்தன. காலையில் நானே எடுத்து வைத்தேன், மேலே ஒரு போர்வை போட்டு.

கிளமெண்ட் ஏணியில் இருந்த துணியைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை மட்டும் என்னால் உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புரிந்தும் இறங்கினான்.

நான் மனசுக்குள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது தலை சுற்றும், இப்போது முழங்கால் போகும். ஆனால் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கலியனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏணியோடு சேர்த்து மேலே தள்ளினான். கலியனின் கை தொட்டி வாய்க்கு வெளியே வந்தது. என் செருப்புக்குப் பக்கத்தில். "புடிங்க சார்" என்று கீழே இருந்து கேட்டது. அதைச் சொல்ல அவன் மூச்சு விட வேண்டியிருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

செங்கம்மாள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். எப்படி இழுத்தாளோ தெரியவில்லை, ஒரு முழு ஆணை வெளியே இழுத்துப் போட்டாள். கலியன் இருமினான். கிளமெண்ட் உள்ளே பலகைகளின் மேல் விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

தீயணைப்பு வண்டி வந்து அவனை எடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவன் முகத்தைத் துடைக்கத் துணி தேடிய செங்கம்மாள் ஏணியில் இருந்ததை அவிழ்த்திருக்கிறாள். விடியற்காலையில் நல்ல மழை. புல் ஈரம், தார்ப்பாய் ஈரம். நேற்றே கட்டியதாக நான் சொன்ன துணி மட்டும் காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உங்கள் ஸ்டேஷனுக்கு அவள் கொண்டுவந்து கொடுத்தது அதைத்தான். நான் மழையை யோசிக்கவில்லை. என் வேலைக்கு அது பெரிய குறை.

மாதா கோயிலில் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நான் நின்றேன். யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இறங்கியிருக்கக் கூடாது, சேகர் சார் சொன்னதுதான் சரி என்று. ஒருவரும் சொல்லவில்லை. மறுபடியும் மாலை, மறுபடியும் புகைப்படம். கலியன் வாசலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ரெபேக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி பொறந்தாலும் அவுக இறங்கத்தான் செய்வாகண்ணே" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்த பிறகும் அவன் விதியை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆமாம், துணியைக் கட்டியது நான். மெஷினை மறைத்தது நான். கிளமெண்டைக் கொன்றது நான்தான். கலியனும் சாவான் என்று தெரிந்துதான் இறங்கவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கலியனை வெளியே இழுத்துப் போட்ட உடனே செங்கம்மாள், "அந்த ஐயா உள்ள கெடக்கறாரு" என்று சொல்லிக்கொண்டு தானும் ஏணியில் கால் வைத்தாள். நான் அவளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவள் கடித்தாள். இதோ பாருங்கள், மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான் விடவில்லை. விட்டிருந்தால் அவளும் போயிருப்பாள். அன்று விதிப்படி காப்பாற்றப்பட்ட உயிர் அது ஒன்றுதான், காப்பாற்றியது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம், ராஜசேகரன் என்று முழுப் பெயராகவே போடுங்கள்.