முழுப் பருத்தி

மாமியார்: என்ன நாத்தம் இது? அடுப்புல எதையாவது வச்சுட்டு மறந்துட்டியா?

மருமகள்: அடுப்புல ஒண்ணுமில்ல அத்தை.

மாமியார்: அப்ப... ஐயையோ. இஸ்திரிப் பெட்டியை எடு. எடுடி மொதல்ல.

மருமகள்: எடுக்கத்தான் பார்க்கறேன். ஒட்டிக்கிச்சு, வரமாட்டேங்குது.

மாமியார்: கம்பெனி கொடுத்த சட்டைடி. இன்னைக்குத்தான் அவனுக்கு முதல் நாள். எட்டு மணிக்கு உலை முன்னாடி நிக்கணும். முதுகுல இத்தாம்பெரிய ஓட்டையோட நிப்பானா?

மருமகள்: ரெண்டு சட்டை கொடுத்தாங்கல்ல. இன்னொண்ணு இருக்கு.

மாமியார்: இருக்குன்னு ஒண்ணை எரிச்சுடுவியா? புத்தி எங்க இருந்துச்சு, போன்லயா?

மருமகள்: சட்டை மேலதான் இருந்துச்சு.

மாமியார்: வாயைப் பாரு. காலங்காத்தால எரிஞ்சு விழற.

மருமகள்: நானா எரிஞ்சு விழறேன்?

மகன்: அம்மா, அங்க என்ன சத்தம்?

மாமியார்: ஒண்ணுமில்ல. நீ குளிச்சு முடி... இந்தா, உன்னைத்தான். ரெண்டு வருஷம் அந்தக் கம்பெனி வாசல்ல நின்னு வாங்கின வேலை. செத்தவர் இடம் மகனுக்குன்னு கெஞ்சி வாங்கினேன். உனக்கு அதுல என்ன வயித்தெரிச்சல்?

மருமகள்: மாமா எரிஞ்ச இடத்துக்கே இவரையும் அனுப்பறீங்க. எனக்கு எரியாதா?

மாமியார்: அனுப்பாம? ஆறு மாசமா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தானே, அது நல்லாருந்துச்சா? பேச வந்துட்டா. மேல ஒரு துணியைப் போட்டு இளஞ்சூட்டுல தேய்க்கத் தெரியாதவ.

மருமகள்: எதுக்கு இளஞ்சூடு?

மாமியார்: என்னது?

மருமகள்: லேபிளைப் படிங்க. முழுப் பருத்தி. பருத்திக்கு எதுக்கு அத்தை இளஞ்சூடு?

மாமியார்: எதுவா இருந்தா என்ன... பொதுவாச் சொன்னேன்.

மருமகள்: நான் தெரியாம எரிக்கல. வேணும்னேதான் வச்சேன்.

மாமியார்: அடிப்பாவி.

மருமகள்: பருத்திக்கு எவ்வளவு சூடோ அவ்வளவுதான் வச்சேன். பருத்தின்னா தாங்கியிருக்கணும். மிஞ்சிப்போனா கருகும். இதைப் பாருங்க, பிசின் மாதிரி இழுக்குது. ஓரமெல்லாம் மணி மணியா உருண்டிருக்கு. தொட்டுப் பாருங்க.

மாமியார்: நான் எதுக்குத் தொடணும்?

மருமகள்: மாமா முதுகுல இதே மணிதான் ஒட்டியிருந்துச்சு. நர்ஸம்மா இடுக்கி வச்சு ஒவ்வொண்ணா எடுத்தாங்க. பதினோரு நாள். நான்தான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க ஒரு நாள் உள்ள வந்தீங்களா?

மாமியார்: அந்தப் பேச்சை எடுக்காத.

மருமகள்: எடுப்பேன். வராந்தா பெஞ்சுல உக்காந்தீங்க, எந்திரிச்சு வீட்டுக்குப் போனீங்க. கட்டின பொண்டாட்டி. அவர் கண்ணு கதவுலயே இருந்துச்சு.

மாமியார்: போதும்... போதும்டி.

மருமகள்: எனக்குப் போதல. ரெண்டு வருஷமா உள்ளுக்குள்ள கனன்னுக்கிட்டே கிடக்கு.

மாமியார்: இப்ப அந்தத் துணியெல்லாம் மாத்திட்டாங்க. கேட்டுட்டுத்தான் அனுப்பறேன். நீ சும்மா பயந்து...

மருமகள்: எந்தத் துணியை?

மாமியார்: அவன் குளிச்சுட்டு வந்துடுவான், வழியை விடு.

மருமகள்: எந்தத் துணியை மாத்திட்டாங்க? மாமா போட்டிருந்த துணி சரியில்லன்னு நான் இப்பத்தானே உங்ககிட்டச் சொல்றேன். யாரைப் போய்க் கேட்டீங்க?

மாமியார்: உனக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. இன்னொரு சட்டையை எடு. நானே தேய்ச்சுக்கறேன்.

மருமகள்: தர மாட்டேன்.

மாமியார்: கொடுடின்னா.

மருமகள்: இந்தாங்க. கொண்டுபோய் உங்க பிள்ளைக்கு நீங்களே மாட்டி விடுங்க... என்ன? காலரை எதுக்குத் திருப்பறீங்க?

மாமியார்: பழசு... பழைய ஸ்டாக்கைத்தான் மடிச்சுக் கொடுத்திருக்கானுங்க. மாத்தவே இல்ல.

மருமகள்: காலரைப் பார்த்தா அது தெரியுமா?

மாமியார்: முடியற இடத்துல மூணு தையல் பின்னாடி போய்த் திரும்பியிருக்கு பாரு. மத்தவங்கள்லாம் ரெண்டுதான் போவாங்க.

மருமகள்: எந்த மத்தவங்க? ...அத்தை, நீங்க தையல் கம்பெனியில பள்ளிக்கூட யூனிஃபார்ம்தானே தைச்சீங்க? கண்ணு தெரியலன்னு வேலையை விடற வரைக்கும் அப்படித்தானே சொன்னீங்க?

மாமியார்: கண்ணு நல்லாத்தான் தெரியுது.

மருமகள்: அப்ப லேபிள்?

மாமியார்: அதையும் கட்டுக் கட்டாக் கொடுப்பாங்க, வச்சுத் தைக்கணும். இந்தப் பாலியஸ்டர் துணியில வேகமாத் தைச்சா ஊசி சூடேறி நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். பருத்தியில அப்படி அறுந்துபோகாது. இது உலைக்குப் போற சட்டையாச்சேன்னு ஒரு வாட்டி சூப்பர்வைசர்கிட்டக் கேட்டேன். தைக்கிறியா, வீட்டுக்குப் போறியான்னான்.

மருமகள்: தைச்சீங்க.

மாமியார்: தைச்சேன்.

மருமகள்: மாமா அதையே போட்டுக்கிட்டு வேலைக்குப் போனார். நீங்க வாசல்ல நின்னு வழியனுப்புனீங்க.

மாமியார்: மெதுவாப் பேசு. அவன் வந்துடுவான்.

மருமகள்: வரட்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாமா மேல வேற சட்டை போட்டிருப்பாரே. உள்ள ஒரு பனியனாவது... கடவுளே. இப்பத்தான் ஞாபகம் வருது. வீட்டுத் துணி மொத்தத்தையும் என் தலையில கட்டுவீங்க. மாமா சட்டையை மட்டும் என்னைத் தொடவே விட மாட்டீங்க. நான் அதை வேற மாதிரி நினைச்சுச் சிரிச்சேன். இந்த வயசுலயும் ஆசைன்னு.

மாமியார்: நினைச்சுக்கோ. அப்படியே நினைச்சுக்கோ.

மகன்: சட்டை எங்க? மணி ஏழே கால் ஆச்சு... என்ன புகை இது? ரெண்டு பேரும் ஏன் இப்படி நிக்கிறீங்க?

மருமகள்: உங்கம்மாவைக் கேளுங்க. நான் சொன்னா மாமியார் மருமக சண்டைம்பீங்க.

மகன்: யாரும்மா எரிச்சது? சரி, அது கிடக்கட்டும், கையில இருக்கிறதைக் கொடு. போட்டுக்கிட்டு ஓடணும்... விடும்மா. ஏன் இழுக்கற? கிழியப்போகுது.

மாமியார்: கிழியட்டும். நீ உக்காரு... உங்கப்பா சட்டை பருத்தி இல்லன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் வாராவாரம் மேல ஒரு துணியைப் போட்டு, இளஞ்சூட்டுல தேய்ச்சுக் கொடுத்தேன்.