கதிரைக்கு வைத்த வெளிச்சம்

மேடைக்கு வெளிச்சம் போடுகிறவன் கொஞ்சம் சோம்பேறியாக இருப்பது நல்லது. சுறுசுறுப்பானவன் ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு விளக்காகத் திருப்பி அளவு பார்த்துப் பதிந்துகொண்டிருப்பான். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் பிரீசெட்டுகளைச் செய்து வைப்பேன். வாசல் என்று ஒன்று, கிணற்றடி என்று ஒன்று. விளக்கு எங்கே பார்க்க வேண்டும், என்ன நிறம் என்று, விளக்குகளை இயக்கும் கொன்சோலில் ஒருமுறை பதிந்து பெயர் வைத்துவிட்டால், காட்சிகள் எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். பிறகு கிணற்றை நாலடி தள்ளி வைத்தாலும் கவலையில்லை. பிரீசெட்டைத் திருத்தினால் போதும், கிணறு வருகிற காட்சியெல்லாம் தானாகத் திருந்திவிடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தாஹிருக்கு நடந்ததில் இந்த வசதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சமாதான காலத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபத்துக்கு அந்தக் கொன்சோலையும் தலை திரும்பும் விளக்கு ஒன்றையும் தந்தது. சமாதானம் போய்விட்டது, கொன்சோல் இருந்தது. மறுபடி சண்டை மூண்டு மூதூர்ச் சனங்கள் இடம்பெயர்ந்து வந்த காலத்தில் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். காணாமற்போன மகனுக்காக ஒரு தாய் சாப்பாட்டு மேசையடியில் அவன் உட்காரும் கதிரையை எப்போதும் வெறுமையாக வைத்திருக்கிறாள். கதை அவ்வளவுதான். எல்லாக் காட்சியிலும் அந்தக் கதிரை மேல் மஞ்சள் வெளிச்சம் விழ வேண்டும் என்று பிரதியில் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. தபாலில் வந்தது என்று எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

தாயாக நடித்தவள் குணேஸ்வரி, பள்ளிக்கூட ஆசிரியை. தாஹிர் கதைசொல்லி. மூதூரிலிருந்து தாயோடு வந்து, சைக்கிள் கடையொன்றில் வேலை செய்தவன். அருமையான குரல். மேடையின் இடது ஓரத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை இருட்டில் நிற்க வேண்டும், குரல் மட்டும் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவனுக்கு அது பெரிய மனக்குறை.

"அண்ணன், எனக்கும் கொஞ்சம் லைற் போடுங்களே. உம்மா பாக்க வாறா. மகன் எங்க நிக்கிறான் எண்டே தெரியாமப் போயிரும்" என்று ஒத்திகைக்கு ஒத்திகை நச்சரிப்பான். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

நாடகத்துக்கு முதல் நாள் ஒருவர் மண்டபத்துக்கு வந்தார். சீருடை இல்லை. நல்ல தமிழ். யாருடைய ஆள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கம் இங்கே இல்லாமல் போய்விட்டது.

"இந்த நாடகத்தை எழுதினவன் உங்கட ஆக்களுக்குள்ளதான் நிக்கிறான். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. கடைசிக் காட்சியில அவனுக்கு மேல அந்த மஞ்சள் லைற்றைப் போடுங்கோ, காணும். போடாட்டி மேடையில நிக்கிற எல்லாரையும் வாகனத்தில ஏத்துவம்."

எல்லாரும் என்றால் குணேஸ்வரியும்தான். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. நான் பதறவில்லை, நிதானமாக யோசித்தேன். மற்றவர்கள் தமிழ்ப் பிள்ளைகள், கொண்டுபோனால் விடமாட்டார்கள். தாஹிர் முஸ்லிம் பொடியன், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இது நியாயமான யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடைசிக் காட்சியை மட்டும் திருத்தியிருந்தால் போதும். பழக்கதோஷம், 'கதிரை' என்ற பிரீசெட்டையே திறந்து, விளக்கை இடது ஓரத்துக்குத் திருப்பிப் பதிந்துவிட்டேன்.

ஊரடங்குக்குப் பயந்து, யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பிற்பகலிலேயே நாடகத்தைத் தொடங்கினோம். முதற்காட்சியிலேயே வெளிச்சம் தாஹிர் மேல் விழுந்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. கதிரை இருட்டில் கிடந்தது. திருத்துவதற்கு நாடகம் முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. பொத்தான் விரலுக்குக் கீழேயே இருந்தது. ஆனால் அவன் முகத்தில் அவ்வளவு சந்தோசம். ஒரு நாளும் அவன் அப்படிக் கதை சொன்னதில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிந்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "கேட்டுக் கேட்டுக் கடைசியில போட்டுட்டீங்க அண்ணன். உம்மா அழுதுட்டா." தாய்க்கு ஓட்டோ பிடித்து வருகிறேன் என்று வெளியே போனான். திரும்பி வரவில்லை. இரண்டு வருடமாகிறது.

குணேஸ்வரி மட்டும் ஒருமுறை கேட்டாள். "ஏன் அண்ணை, கதிரை இருட்டாக் கிடந்தது? எழுதின மனுசன் பாத்திருந்தா மனம் நொந்திருப்பார்."

"ஓம் பிள்ளை, நொந்திருப்பார்" என்றேன்.

அவனுடைய தாய் நஜ்முன் நிஸா ஊர் திரும்பவில்லை. மகன் தேடி வந்தால் மண்டபத்துக்குத்தான் வருவான் என்று இங்கேயே வந்து படியில் இருப்பார். நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன். "அண்டைக்கு நீங்கதான் தம்பி எண்ட புள்ளய எல்லாருக்கும் வடிவாக் காட்டின. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்" என்பார். அந்த இரவுகளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அழுதும் இருக்கிறேன்.

அந்த நாடகத்தை எழுதியவன் நான்.

வந்தவரிடம் அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லியிருந்தால் என்னோடு நாடகமும் போயிருக்கும். காணாமற்போனவர்களுக்காக ஒரு கதிரையைப் போட்டு வைக்க இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? சண்டை ஓய்ந்ததும் மறுபடி மேடையேற்றுவேன். பிரீசெட்டைப் பழையபடி கதிரைக்கே திருப்பி வைத்திருக்கிறேன். நஜ்முன் நிஸாவுக்கு முன்வரிசையில் இடம். இந்த முறை எழுதியவர் பெயரை மறைக்கமாட்டேன். தாஹிருக்காக அதையாவது நான் செய்ய வேண்டும்.