எஸியின் மிச்சக் கதை

மார்கழி மாதம், பின்னேரம் நாலரை மணி. லண்டனில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். கிங்ஸ்பரியிலிருந்து இறங்கும் ஃபிரையன்ட் வீதி... இரண்டு பக்கமும் புல்வெளி, மரம், ஈரம். வீடென்று ஒன்றில்லை. வாமதேவன் தனியாகக் கார் ஓட்டி வந்தார்.

வாமதேவன் நம்முடைய பாலேந்திராவின் மச்சான். பேர் பெற்ற குடும்பம். அந்தப் பேரைக் காக்கத்தான் அவர் செய்ததெல்லாம் செய்தார். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய தம்பி சஞ்சயன், எஸி என்ற பெண்ணைக் கட்டியிருந்தான். அவளுக்குத் தகப்பன் கானா, தாய் ஸ்கொட்லாந்து. மேடையில் கதை சொல்வது தொழில். இரண்டு பக்கத்துக் கதைகளையும் ஒன்றாகப் பின்னிச் சொல்லுவாள். கையில் ஒரு சுரைக்குடுக்கை, உள்ளே உலர்ந்த விதைகள். அதை ஆட்டி, "கதை வருது" என்பாள். கேட்கிறவர்கள் பதில் கொடுத்தால்தான் தொடங்குவாள். தொடங்கினால் முடிக்காமல் இறங்கமாட்டாள். பாதியில் நிறுத்திய கதை வேறொரு வாயைத் தேடிப் போகும் என்று அவள் தகப்பன் வீட்டில் நம்பினார்களாம்.

போன வருடம் சஞ்சயன் இறந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு மண்டபத்தில் சனம் கூடியிருந்தபோது, எஸி எழுந்து அவனுடைய கதையைத் தொடங்கினாள். தமிழில்தான்... அவனிடம் பழகிய தமிழ். வாமதேவன் மைக்கை நிறுத்தினார்.

"ஆர் பிள்ளை நீ? என்ர தம்பி கலியாணமே கட்டேல்லை."

அவள் யாரென்று தெரிந்தவர்கள் அங்கே எத்தனையோ பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எஸி அழவுமில்லை.

"கதை பாதியில நிக்குது, அண்ணை," என்றாள். "மிச்சத்தை நீங்களே சொல்லுவீங்கள்."

மாசியில் அவளும் போய்விட்டாள். ஹவுன்ஸ்லோவில் கதை சொல்லிக்கொண்டு நின்றவள், நெஞ்சைப் பிடித்தபடி மேடையிலேயே சரிந்தாளாம்.

வாமதேவன் கார் ஓட்டி வந்த அன்றைக்கு மறுநாள், அவர் மகள் றூபினிக்கு நிச்சயம். தம்பி தனிக்கட்டையாகவே போனான் என்றுதான் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தது.

காருக்குள் திடீரென்று ஒரு வாசம்... எஸி பூசுகிற ஷியா வெண்ணெயும் நனைந்த கம்பளியும். கண்ணாடியில் பார்த்தார். பின் சீட் வெறுமை. பிறகு, பிடரிக்குப் பின்னால்... கிலுக்... கிலுக்.

"கதை வருது."

யார் எதைச் சொன்னாலும் "ம்" கொட்டுகிற பழக்கம் நம்முடையது. இப்போதுகூட நீங்கள் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அவருடைய வாயும் தன்பாட்டில் "ம்" என்றது.

அவ்வளவுதான். வாசம் போய்விட்டது. தொண்டைக்குள் மட்டும் விதைகள் உருளுவது போல இருந்தது.

மறுநாள் எட்மண்டனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து நிறைந்தார்கள். வரவேற்றுப் பேச எழுந்தார் வாமதேவன். வாயைத் திறந்தார்.

"சஞ்சயனுக்கு ஒரு மனிசி இருந்தவள்."

ஆள் வாமதேவன். குரல்... பெண் குரல்.

"அண்ணை வெள்ளனவே போட்டிட்டார் போல," என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும், மரியாதைக்கு, "ம்" என்றார்.

கதை நடக்கத் தொடங்கியது. வாமதேவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரல்களுக்கு இடையால் வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் தனியாகவே அவனைப் பார்த்துக்கொண்டது, தகனத்தில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியது, மைக்கை நிறுத்தியது... ஒன்றும் விடுபடவில்லை. கொண்டுவந்த தட்டங்களை மாப்பிள்ளை வீட்டார் தூக்கிக்கொண்டு போனார்கள். றூபினி தகப்பனுடைய முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

இப்போது வாமதேவன் பேசுவதில்லை. தொண்டையில் ஒரு குறையுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பொழுதுபட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அதே கதை, முதலிலிருந்து, அதே பெண் குரலில் கேட்கும்.

பாலேந்திரா ஒருநாள் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். அறைக்குள் வாமதேவன் மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு, கட்டில் பக்கமாக, யாரோ "ம்" கொட்டுகிறார்கள்...

அந்தக் குரல் சஞ்சயனுடையது.