ஒரு மனைக்கு ஓர் அடுப்பு

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மாலை நேரம்தான் நல்லது, ஐயா. வெயிலில் ஊற்றினால் வேருக்குப் போய்ச் சேராது. என் வீட்டின் பக்கவாட்டில் விதிப்படி விட்டிருக்கும் காலியிடத்தில் தொட்டிகள் வைத்திருக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீடு. பள்ளிவிட்டு வந்ததும் அவர் படியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார்.

"சார், இந்தப் பையன் சூரியன் மேற்கே உதிக்குதுன்னு எழுதியிருக்கான். அரை மார்க் போடலாமா?" என்பார்.

"போடுங்க டீச்சர், திசைன்னு ஒண்ணு இருக்குன்னாவது தெரிஞ்சு வச்சிருக்கானே" என்பேன்.

சிரிப்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் கணவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. என் மனைவியும் இல்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் குடியிருப்பு மழைக்கு முளைத்த காளான் அல்ல. ஒரு செங்கல்கூட வைக்காத காலத்திலேயே எந்த வீடு எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும், எங்கே ஜன்னல், எங்கே கூடாது என்று எல்லாம் முடிவு செய்து கட்டியது. கடை கூடாது. பட்டறை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனைக்கு ஒரு குடும்பம். குடும்பத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். அடுப்பை வைத்துத்தான். இரண்டாவது சமையலறை வந்தால் அது இரண்டாவது வீடு. வேலையில் இருந்த காலத்தில் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் விதிக்குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் 'அளவுநாடா' என்று கூப்பிடுவார்கள். எனக்கு வருத்தமில்லை. நாடா பொய் சொல்லாது.

இந்தப் பனிக்காலத்துக்கு முன்னால் டீச்சரின் மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். புருஷன் கைநீட்டுகிறவன் என்று டீச்சர் மதிலோரம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். அதன் பிறகு அவர் படிக்கு வருவதே குறைந்துவிட்டது. வந்தாலும் தோளில் குழந்தை. பேச வாயெடுத்தால் அது அழும். "அப்புறம் பேசலாம் சார்" என்று உள்ளே போய்விடுவார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அடுப்படியில் தாயும் மகளும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். கடைசியில் மகள் மாடியறையில் தனியாக மேடை கட்டி, கேஸ் அடுப்பு வைத்து, புகை போவதற்கு என் பக்கத்துச் சுவரில் ஒரு துளையும் போட்டுக்கொண்டாள். நான் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தேன்.

டீச்சர் என் வாசலுக்கு வந்து நின்றார். "சார், ஒரு அடுப்புதானே. அவ கொஞ்சம் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்."

"இன்னைக்கு அடுப்பு டீச்சர். நாளைக்குத் தனி வாசல் கேட்பாங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே. பேசாம மாப்பிள்ளைகிட்ட பேசிப் பாருங்களேன். அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்வாங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்களைக் கூட்டிப் போய் மேடையை இடித்து, கேஸ் அடுப்பையும் எடுக்க வைத்தேன். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூசிக்குள் நின்று பார்த்தாள். சுவரில் இருந்த துளையை அடைக்க ஆட்கள் மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. பிறகு அவள் புருஷனின் நம்பரைத் தேடிப் பிடித்து, மனைவி எங்கே இருக்கிறாள் என்று சொன்னேன். குடும்பம் சேரட்டும் என்ற நல்லெண்ணம்தான். "அவ எக்கேடும் கெட்டுப் போகட்டும்" என்று வைத்துவிட்டான். அவன் வந்து கூட்டிப் போயிருந்தால் இன்று நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். பொறுப்பில்லாத மனிதன்.

பனி இறங்கியதும் மாடியிலிருந்து கரி கனலும் வாடை வந்தது. எனக்கு மூக்கு கூர்மை. கரி அடுப்பு வாங்கி, குழந்தைக்குப் பாலும் வெந்நீரும் அதில்தான் காய்ச்சுகிறாள் என்று புரிந்தது. கரியில் புகை வராது, என் கண்ணில் படாது என்று நினைத்திருப்பாள் பாவம். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். குளிருக்கும் எனக்கும் பயந்து அதைப் பெரும்பாலும் சாத்தியே வைத்திருப்பாள். காற்று போய்வர மிச்சமிருந்தது அந்தத் துளை மட்டும்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேலையில் இருந்தபோது ஒரு கட்டுமான இடத்தில் காவலாளிகள் சிமெண்ட் கொட்டகைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தார்கள். காலையில் கதவை உடைத்துத் திறந்தவன் நான். கரியின் நச்சுக் காற்றில், தூங்குகிற மாதிரியே செத்துக் கிடந்தார்கள். கன்னம்கூடச் சிவந்திருந்தது. அதனால், எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

டீச்சர் பள்ளிக்குப் போன பிறகு, காலை வெயிலில்தான் ஏணியைச் சாத்தினேன். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. அனுமதி இல்லாமல் போட்ட துளை. அதை அடைப்பதற்கு எனக்கு முழு அதிகாரம் உண்டு. கலவை குழைத்து, செங்கல்லை அளவாக உடைத்து எடுத்துக்கொண்டு ஏறினேன். பூச்சுக் கரண்டி சத்தம் கேட்டு அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"என்ன மாமா பண்றீங்க?"

"பனி இது வழியா நேரா உள்ள இறங்குதும்மா. குழந்தைக்கு ஆகாது. அடைச்சு விட்டுர்றேன்."

அவள் முகம் மலர்ந்தது. மேடையை இடித்த நாளிலிருந்து என்னிடம் அவள் முகம் கொடுத்ததே இல்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா. ரெண்டு நாளா இவனுக்கு மூக்கு ஒழுகிட்டே இருக்கு. உங்களைப் போய்த் தப்பா நினைச்சிட்டேன்."

"அதனால என்னம்மா. ஜன்னலையும் நல்லா சாத்திக்கோ. இடுக்குல துணி ஏதாவது செருகு, சொட்டுக் காத்து வரக் கூடாது."

"சரி மாமா" என்றாள். ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் டீ நீட்டினாள். சூடாக இருந்தது. அந்த அடுப்பில்தான் போட்டிருக்க வேண்டும். ஏணியில் நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

பூச்சு சுத்தமாக வந்தது. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் குழந்தை அழுதது. பிறகு நின்றது. பால் குடித்துத் தூங்கியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து, மறுபடி அழுகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். ஏணி எட்டின தூரத்தில்தான் இருந்தது.

டீச்சர் பள்ளிவிட்டு வந்து கீழேயிருந்து மகளைக் கூப்பிட்டார். பிறகு மாடிப்படியில் அவர் காலடி. பிறகு அவர் குரல். முதலில் ஓடிப் போனவன் நான்தான். கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்ததும் நான்தான். மகள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். ஜன்னல் இடுக்கில் அவளுடைய துப்பட்டாவைப் பட்டையாகக் கிழித்து ஒழுங்காகச் செருகியிருந்தாள். சொன்ன சொல்லைக் கேட்கிற பெண்.

எல்லாரும் விபத்து என்றார்கள். டீச்சர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, "கீழ இருந்த அடுப்புல அவளை நிம்மதியா ஒரு வேளை சமைக்க விட்டேனா நான்? நான்தான் கொன்னேன் சார், நான்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் என்ன சொல்லி மறுப்பது? கையை விடுவிக்க மனம் வரவில்லை.

உங்கள் ஸ்டேஷன் ஆள் வந்து சுவரில் பூச்சு இன்னும் ஈரமாக இருப்பதைத் தொட்டுப் பார்த்தார். கெட்டிக்காரர். நான்தான் பூசினேன் என்று அங்கேயே சொன்னேன். தெரிந்துதான் பூசினீர்களா என்று இன்று நீங்கள் கேட்டீர்கள். ஆமாம். தெரிந்துதான். இருவரும் சாவார்கள் என்று தெரிந்துதான். அவர்கள் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. விதியை மீறி இருந்தார்கள்; சொல்லிப் பார்த்தேன், போகவில்லை.

ஒரு வேண்டுகோள். டீச்சரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம். நேரம் பார்த்து நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்குப் போவதில்லை, யார் கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை. நான் சாப்பாடு கொண்டுபோய்க் கூப்பிட்டால் மட்டும் திறக்கிறார். நேற்று, "நீங்களும் இங்கேயே சாப்பிடுங்க சார், தனியா தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றார்.

கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன், ஐயா. நான் போகாவிட்டால் அவர் பட்டினி கிடப்பார். பாவம், இப்போது அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.